நன்றிக்கடனாக ₹1,50,000: கடலூர், புதுச்சேரி புற்றுநோயாளிகளுக்கு எப்படிக் கொடுத்தால் உருப்படியாகப் போய்ச் சேரும்?

மஞ்சக்குப்பம்_வாசகி

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, மாத்திரையும் நின்றுவிட்டது. பிழைத்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும். ஒரே தவணையாக ₹1,50,000 இருக்கிறது. அதன் பிறகு மாதம் ₹2,500 தர முடியும். கடலூரில் இருக்கிறேன், புதுச்சேரிக்கு வந்துபோவது சிரமமில்லை.

ஜிப்மர் மருத்துவமனை பக்கம் அன்னதானம் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நாத்தனார் மகன் ரத்ததான முகாம் என்கிறான். அறக்கட்டளைக்கு அனுப்புவதா, நேரே நோயாளி கையில் கொடுப்பதா? வாட்ஸப்பில் வரும் ‘அவசர உதவி’ படங்களை நம்பலாமா? வரிவிலக்கு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பொத்தாம்பொதுவாக வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரன்

அக்கா, மருந்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் பேருந்துக்கும் வாடகைக்கும் கொடுக்க யோசியுங்கள். அரசு மருத்துவமனையில் அறுவைக்கும் கீமோவுக்கும் காப்பீடோ வேறு நிதியோ ஏதோ ஒரு வழியில் வந்துவிடும். தினமும் வந்துபோகிற காசுக்கு எந்தத் திட்டமும் முழுசாகக் கை கொடுப்பதில்லை. பாதியில் நிற்கிறவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.

கதிர்வீச்சு திங்கள் முதல் வெள்ளி வரை தினமும். வாய், தொண்டைப் புற்றுக்கு 30 முதல் 35 முறை, அதாவது 6–7 வாரம். கருப்பைவாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து சுமார் 25 முறை, கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ ஊசி, அதன் பின் உள்கதிர்வீச்சு. எல்லாம் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். மேஜையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். அதற்காகத் திட்டக்குடியிலிருந்தோ ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தோ ஒருவர் தினம் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு வந்து திரும்ப முடியாது. இரண்டாவது வாரமே வாய் புண்ணாகி, உடம்பு துவண்டு, ‘தீபாவளி கழித்து வருகிறோம்’ என்று போய்விடுவார்கள். இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி வேகமாகப் பெருகும். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் இழுத்தால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும் என்பது கதிர்வீச்சுத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பத்து நாள் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நோயாளி, துணைக்கு ஒருவர். தங்கல், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் சேர்த்து நாளைக்கு ₹400 உங்கள் பங்கு என்று வையுங்கள். 33 நாளுக்கு ₹13,200. உங்கள் ₹1,50,000 பதினோரு பேரை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே தொகை ஒரே ஒருவரின் விலை உயர்ந்த ஊசிக்கு மூன்று தவணைகூட வராமல் போகலாம்.

கொடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம். மொத்தமாகக் கொடுத்தால் அது வட்டிக்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும். அவர்கள் நிலைமை அப்படி, குறை சொல்ல முடியாது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை கொடுங்கள். கதிர்வீச்சு அட்டையில் ஒவ்வொரு முறையும் தேதி பதிவாகும். அந்த வாரம் ஐந்தும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும், ரசீது கேட்டு நச்சரிக்க வேண்டாம். மெஷின் பழுது, விடுமுறை என்று நாள் விட்டுப்போனால் பணத்தைப் பிடிக்காதீர்கள்; அன்றும் அவர்கள் அறையில்தான் இருந்திருப்பார்கள். அறை வாடகையை மட்டும் வீட்டுக்காரருக்கு நேராகக் கட்டிவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே வராண்டாவில் நின்று தேடாதீர்கள். மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் துறையிலோ மருத்துவமனை அலுவலகத்திலோ இருப்பார். ‘தினசரி கதிர்வீச்சு தொடங்கப்போகிற, வெளியூர், கூலி வேலைக் குடும்பம்’ என்று மூன்று நிபந்தனையைச் சொல்லி வைத்தால் அவர் பெயர் தருவார். சிகிச்சைத் திட்டம் போடும் வாரத்திலேயே பிடிக்க வேண்டும். நின்றுபோன பிறகு கூப்பிட்டால் பலர் வருவதில்லை.

கொடுக்கும் முன் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு முகவரி என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5,00,000 வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இதற்கு அலைய ஆள் இருக்காது. மஞ்சக்குப்பத்திலேயே இருக்கும் நீங்கள் ஒரு நாள் ஆட்டோ பிடித்துக் கூடப் போனால், அந்த ₹300 செலவு ₹5,00,000-க்குக் கதவு திறக்கும். புதுச்சேரிக் குடும்ப அட்டைக்காரர்களுக்கு வழி வேறு. பாகூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் மாநிலம் மாறுவதால் அட்டை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். எந்த அட்டை எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அங்கிருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிட்டு நகருங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாக மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளிகள் நிதியும் உண்டு. ஜிப்மரில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. விண்ணப்பம் பெரும்பாலும் தொங்குவது துறைத் தலைவர் கையொப்பமிட்ட மதிப்பீட்டுக் கடிதம் இல்லாததால்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ரயிலில் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் குறிப்பிட்ட படிவத்தில் சான்று வேண்டும். வெறும் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேருந்தில் மகளிர் இலவசம் என்று நினைத்து வருவார்கள். அது சாதாரண நகரப் பேருந்துக்குத்தான்.

வாட்ஸப் படங்கள்: மருத்துவமனைப் பதிவு எண்ணும் துறை முத்திரையிட்ட மதிப்பீடும் கேளுங்கள். மருத்துவமனையின் பொது எண்ணுக்கு நீங்களே பேசிச் சரிபாருங்கள், செய்தியில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். பணத்தை அந்த நோயாளியின் பதிவு எண்ணில் மருத்துவமனைக் கணக்கில்தான் கட்டுவேன் என்று சொல்லுங்கள். பொய்யான செய்தி பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். நீங்களும் யாரையும் காசோலையோடு நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள்.

தணிக்கை_நெல்லிக்குப்பம்

மேலே சொன்ன முறையில் தனி நபருக்குக் கொடுத்தால் வருமான வரியில் நன்கொடைக்குத் தரும் 80ஜி விலக்கு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது: சக்கர நாற்காலி, மருந்து, அரிசி எதுவும் கணக்கில் வராது, பணம் மட்டும்தான். அதிலும் ரொக்கமாக ₹2,000-க்கு மேல் கொடுத்தால் அது விலக்கில் சேராது. காசோலை, வங்கிப் பரிமாற்றம், யுபிஐ.

அதைவிட முக்கியம், நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் 80ஜி என்ற பேச்சே இல்லை. இப்போது தானாகவே புதியதுதான் பொருந்தும். பழையது வேண்டுமென்றால் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நன்கொடைக்காகப் பழைய முறைக்குத் தாவினால் மற்ற கணக்கில் அதைவிட அதிகம் இழக்கக்கூடும்.

பழைய முறைதான் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்கு விலக்கு 50 சதவீதம். அதற்கும் மேல், மற்றக் கழிவுகள் போன பின் உள்ள மொத்த வருமானத்தில் 10 சதவீதம்தான் கணக்கில் வரும் என்ற உச்சவரம்பு. அந்த வருமானம் ₹8,00,000 என்றால் ₹80,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள், அதில் பாதி ₹40,000 கழியும். முழு ₹1,50,000-ஐ ஒரே ஆண்டில் கொடுத்தால் மிச்ச ₹70,000-க்கு ஒன்றும் இல்லை, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. மார்ச்சில் ₹75,000, ஏப்ரலில் ₹75,000 என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டுக்கும் தலா ₹37,500, மொத்தம் ₹75,000 கழியும். 20 சதவீத வரிப்படியில் ₹8,000-க்குப் பதில் ₹15,000 மிச்சம், செஸ் தனி. ஒரு மாதம் பொறுத்திருப்பதற்கு இது மோசமில்லை. உச்சவரம்பில்லாத 100 சதவீதம் வேண்டுமென்றால் பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் பொது நிவாரண நிதி போன்றவை உண்டு. ஆனால் அவை புற்றுநோய்க்கென்று தனியாக ஒதுங்கியவை அல்ல.

அறக்கட்டளையிடம் பான், 80ஜி பதிவு எண், அதன் காலாவதித் தேதி மூன்றும் கேளுங்கள். பதிவு இப்போது நிரந்தரம் இல்லை, புதுப்பிக்க வேண்டும். பழைய சான்றைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருப்பார்கள். வருமான வரித் துறை இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரசீது மட்டும் போதாது. அவர்கள் உங்கள் பானைச் சேர்த்து 10பிடி என்ற நன்கொடை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்து, மே 31-க்குள் 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தர வேண்டும். பானில் ஓர் எழுத்து தப்பினாலும் உங்கள் கணக்கில் வராது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் அதில் வேறு.

நேராகக் கொடுப்பதில் ஒரு சின்னக் குறிப்பு: உறவினரல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் ₹50,000-க்கு மேல் பெற்றால் பெறுபவருக்கு அது வருமானம். கூலிக் குடும்பத்துக்கு வரி வராது என்றாலும் அடுத்த முறை வருமானச் சான்று கேட்கும்போது வங்கிப் புத்தகத்தில் பெரிய தொகை தெரிவது தொல்லைதான். வாரா வாரம் சிறுகக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாஸ்பேட்டை_ஓ_பாசிட்டிவ்

ரத்ததான முகாம் பற்றி. அக்கா, நீங்கள் ரத்தம் கொடுக்க முடியாது. 2017-இல் தேசிய ரத்தமாற்றக் குழுமம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி புற்றுநோய் வந்தவர்களை நிரந்தரமாக விலக்குகிறார்கள். ஆனால் ஆளைத் திரட்டலாம். அதிலும் பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் 60 பேரைப் படுக்கவைக்கும் முகாம் வேண்டாம்.

கீமோ எடுப்பவர்களுக்கு, குறிப்பாக ரத்தப் புற்றுக்காரர்களுக்கு, அதிகம் தேவைப்படுவது தட்டணுக்கள் (பிளேட்லெட்). சிவப்பணுப் பை 42 நாள் வரை இருக்கும். தட்டணுவை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான் ஆயுள். ஞாயிறு முகாமில் எடுத்தது அடுத்த ஞாயிறு குப்பைக்கு. அதனால் தேவை முகாம் அல்ல, பட்டியல். 25 பேர், ரத்த வகை, கைபேசி எண், பகலில் வர முடியுமா இரவில் வர முடியுமா என்ற குறிப்பு. அவ்வளவுதான்.

மெஷினில் தட்டணு மட்டும் பிரித்தெடுப்பதை எஸ்டிபி என்பார்கள். ஒரு பை சாதாரணப் பை ஆறுக்குச் சமம். கொடுப்பவர் 18–60 வயது, எடை 50 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, தட்டணு 1,50,000-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். 48 மணி நேரத்தில் மறுபடி கொடுக்கலாம், வாரத்தில் இரண்டு முறை, ஆண்டுக்கு 24 முறைக்கு மேல் கூடாது. முழு ரத்தம் கொடுத்தவர் 28 நாள் காத்திருக்க வேண்டும். முகாம் நடத்தினால் நம் ஆட்கள் ஒரு மாதம் எஸ்டிபிக்கு ஆகாமல் போவது இதனால்தான். கடைசி நேரத்தில் திருப்பி அனுப்பப்படுவதற்கு வழக்கமான காரணம் மூன்று: மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின், கை நரம்பு மெலிசு, முந்தைய இரவு சரியாகத் தூங்காதது. ஒருவர் தேவைப்பட்டால் மூன்று பேரை அனுப்புங்கள். கிட் செலவு சில ஆயிரம் வரும், இடத்துக்கு இடம் மாறும். அதை யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் மாதத் தொகைக்கு இதுவும் ஒரு இடம்.

நோயாளியின் அண்ணன் தம்பியையே கொண்டுவர வேண்டும் என்று குடும்பம் துடிக்கும். நெருங்கிய ரத்த உறவினர் கொடுப்பதைக் கதிரூட்டாமல் (ரத்தப் பையைக் கதிர்வீச்சில் காட்டாமல்) ஏற்றினால் அபூர்வமாகப் பெரிய ஆபத்து உண்டு. வெளி ஆள் இருந்தால் அதுவே மேல்.

கண் தானம் நீங்கள் எழுதிவைக்கலாம். ரத்தப் புற்று, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, கண்ணிலேயே வந்த கட்டி தவிர மற்றவர்களிடம் பொதுவாக ஏற்கிறார்கள். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சமையல்கட்டு_திருப்பாதிரி

அன்னதானத்தை யாரும் தொடவில்லையே. போடலாம், ஆனால் நோயாளிக்கு அல்ல, துணைக்கு வந்தவருக்கு. கீமோ முடிந்து ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளையணு இறங்கியிருக்கும். அப்போது வெளிச் சாப்பாடு, பச்சைக் காய், வெட்டிவைத்த பழம், கடைச் சாறு எதுவும் ஆகாது. கதிர்வீச்சில் வாய் வெந்தவர் புளியோதரையைத் தொட முடியாது. வரிசையில் நிற்கும் யார் எந்த நாளில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 8 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 6 கிலோ. பிரச்சினை அளவில் இல்லை, நேரத்தில். விடியற்காலை மூன்று மணிக்கு வடித்து, மூடிவைத்து, பதினோரு மணிக்குப் பரிமாறினால் சோற்றில் உள்ள கிருமி விஷத்தை உண்டாக்கிவிடும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழ வேண்டும், இல்லையென்றால் 60 டிகிரிக்கு மேல் சூடு தாங்கும் பாத்திரம் வேண்டும். சித்திரை வெயிலில் தயிர் சாதம் வேண்டவே வேண்டாம். இலவசமாகப் போட்டாலும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், பதிவு கேட்பார்கள். மருத்துவமனை வளாகத்துக்குள் என்றால் எழுத்து மூலம் அனுமதி.

மதியத்துக்குப் பத்து இடத்தில் போடுவார்கள். இரவு ஏழரை மணிக்கு இட்லி போடுகிறவர் அபூர்வம். போட்டால் அந்த நேரத்துக்குப் போடுங்கள்.

மஞ்சக்குப்பம்_வாசகி

எல்லோருக்கும் நன்றி. ₹1,50,000-ஐப் பயணம், தங்கலுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். கோரிமேட்டில் ஒரு வீட்டையே வாடகைக்குப் பிடித்து நாங்களே நடத்தலாமா? மாதம் ₹2,500-ஐ என்ன செய்வது?

கோரிமேட்டுக்காரன்

வீடு பிடிக்காதீர்கள். முன்பணத்திலேயே பாதி போய்விடும். வெள்ளையணு குறைந்தவரும் காய்ச்சல்காரரும் ஒரே கழிவறையைப் பயன்படுத்துவார்கள். தினமும் சுத்தம் செய்ய ஆள், இரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் பொறுப்பு, ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிடுகிறவரை எழுப்புவது, எல்லாம் உங்கள் தலையில். ஏற்கெனவே நடக்கும் தங்குமிடத்தில் அறை நாள்களை வாங்கிக் கொடுங்கள். அங்கே இல்லாததை வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது; மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு, மெல்லிய வடிகட்டி இந்த மூன்றும் பெரும்பாலான இடங்களில் இருக்காது. பரிசோதனை முகாம் நடத்தச் சொல்லியும் யாராவது வருவார்கள். கோளாறு என்று தெரிந்த பெண்ணை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது என்று பெயரோடு பதில் இல்லாத முகாமுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

உழவர்கரை_செவிலி

மிக்சி, வடிகட்டி என்று அவர் சொன்னது மூக்குக் குழாய் போட்டவர்களுக்காக. வாய்ப் புற்றில் விழுங்க முடியாதவர்களுக்கு ரைல்ஸ் டியூப் வழியாக உணவு. 50 கிலோ எடைக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அறையில் மிக்சி இல்லாதவர்கள் கஞ்சித்தண்ணீரையும் இளநீரையும் விட்டு ஒப்பேற்றுவார்கள், மூன்றே வாரத்தில் எடை இறங்கி, கதிர்வீச்சின்போது முகத்தில் மாட்டும் முகமூடி தொளதொளவென்றாகி, கதிர்வீச்சுத் திட்டத்தையே திரும்பப் போட வேண்டியிருக்கும். சத்துமாவுக் கஞ்சி, பால், வேகவைத்த முட்டை, ஒரு கரண்டி எண்ணெய் எல்லாம் அரைத்து, வடிகட்டி, ஒரு வேளைக்கு 200 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்து விட வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைக்கும். மாத்திரைத் தூளைக் கஞ்சியோடு கலந்தாலும் அடைக்கும். தலைமாட்டை உயர்த்தி, கொடுத்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்கச் சொல்லுங்கள். ₹2,500 ஒருவருக்கு ஒரு மாத முட்டைக்கும் பாலுக்கும் ஏறக்குறையச் சரியாகப் போகும்.

இன்னொன்று கொலஸ்டமி பை. மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்தவர்களுக்கு மூன்று நாலு நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும். வாங்க முடியாதவர்கள் பாலிதீன் கவரைத் துணியால் கட்டிக்கொண்டு, தோல் வெந்து வருவார்கள். நன்கொடையாக வரும் பைகளில் பாதி அலமாரியிலேயே கிடப்பதற்குக் காரணம் அளவு. இரண்டு துண்டாக வரும் வகையில் தோலில் ஒட்டும் தட்டின் வளையமும் பையின் வளையமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 45, 57, 70 மில்லிமீட்டர் என்று வரும், ஒரு கம்பெனித் தட்டில் இன்னொரு கம்பெனிப் பை மாட்டாது. ஒரே துண்டாக, வெட்டிக்கொள்ளும் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை. அறுவைக்குப் பிறகு ஆறு எட்டு வாரம் வரை வழியின் சுற்றளவு சுருங்கிக்கொண்டே வரும், அதனால் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். மாற்றிக்கொள்ள வசதியாக பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமல் கொடுங்கள்.